கம்பளத்தின் பின்பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கையால் முடிச்சிட்டு நெய்யும் உயர்ரகக் கம்பளங்களைப் பற்றி வாங்குபவர்கள், வடிவமைப்பு படிப்பவர்கள், சிறிய தறி வைத்துப் பழகுபவர்கள் என்று பலரும் எழுதியிருந்தார்கள். அடிக்கடி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். ஊடை குறுக்கே ஓடும் நூல். காலில் படும் கம்பளிப் பரப்பை மேல் இழை என்று சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே வடிவம். இரண்டு கம்பளங்களிலும் ‘ஹேண்ட்மேட்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல ஏழெட்டு மடங்கு. எதனால்?

பதில்: இரண்டிலும் கைவேலை இருக்கலாம், செய்முறை வேறு. கைமுடிச்சுக் கம்பளத்தில் ஒவ்வொரு கம்பளி இழையையும் இரண்டு பாவு நூல்களைச் சுற்றி முடிச்சிட்டு அறுக்கிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டி, கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறக்குகிறார்கள். விலை குறைந்தது பெரும்பாலும் ‘டஃப்டட்’ வகையாக இருக்கும். அதில் முடிச்சே கிடையாது. சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய துணியில் படத்தை வரைந்து, டஃப்டிங் துப்பாக்கியால் நூலைக் குத்தி ஏற்றுவார்கள். நூல் உருவி வராமலிருக்கப் பின்பக்கம் லேடெக்ஸ் பசை பூசி, இன்னொரு துணியை ஒட்டி மறைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் முடிச்சிட வேண்டிய அளவைத் துப்பாக்கியால் சில நாட்களில் குத்தி முடித்துவிடலாம்.

கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கப் படம் பின்பக்கமும் அதே தெளிவோடு, சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது முடிச்சு. துணி ஒட்டியிருந்தால் டஃப்டட். அடுத்து குஞ்சத்தைப் பாருங்கள். கைமுடிச்சில் குஞ்சம் என்பது பாவு நூலின் நுனிதான். கம்பளத்தின் உடலிலிருந்தே வெளியே வரும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய முடிச்சுக் கம்பளங்களுக்குத் தேய்ந்த குஞ்சத்தை மாற்றித் தைப்பதும் உண்டு.

‘ஹேண்ட்லூம்’ என்று மூன்றாவது வகையும் இருக்கிறது. தறியில் கம்பிமேல் நூலை வளையமாக ஓட்டி, பிறகு அறுப்பார்கள். நூல் முடிச்சிடப்படாமல் ஊடையின் பிடியில் மட்டும் நிற்பதால் நாற்காலிக்கால் இழுத்தால் வரிசையாக உருவிவரும்.

டஃப்டட் கம்பளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது பசைதான். லேடெக்ஸ் காலப்போக்கில் காய்ந்து பொடியாகும். செலவைக் குறைக்கக் கால்சியம் கார்பனேட் தூளை அதிகம் கலந்திருந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். கம்பளத்துக்கடியில் மணல்போல வெள்ளைத் தூள் கொட்டுவதும், புதிதாக இருக்கும்போது ரப்பர் வாடை போகாமலிருப்பதும் இதனால்தான். கைமுடிச்சுக் கம்பளத்தை அவிழ்த்து, புதுப் பாவு செருகி, மறுபடி முடிச்சிட்டுப் பழுது பார்க்கலாம். பசை விட்டுப்போன டஃப்டட்டில் அப்படிச் செய்ய எதுவுமில்லை. சில ஆண்டுகளுக்கு மட்டும் வேண்டுமென்றால் டஃப்டட் வாங்குவதில் தவறில்லை. அதைக் கைமுடிச்சு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

கேள்வி: சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்யலாமா?

பதில்: முடியாது. முடிச்சின் அடர்த்தி எவ்வளவு வேண்டும் என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். நேர்கோடும் கட்டமும் உள்ள வடிவத்துக்கு 60 முதல் 80 முடிச்சு தாராளம். வளைந்தோடும் கொடி, மெல்லிய பூவிதழ் என்றால் 150, 200 என்று போக வேண்டும், இல்லையென்றால் வளைவுகள் படிக்கட்டாக உடைந்து தெரியும். அடர்த்தி கூடும்போது நூல் மெலிதாக வேண்டும், மேல் இழையும் குட்டையாக வேண்டும். 300 முடிச்சில் 12 மில்லிமீட்டர் உயரம் வைத்தால் படமே மங்கிவிடும்.

அல்தாய் மலைப்பகுதியில் 1949இல் உறைபனிக் கல்லறையிலிருந்து எடுத்த பாசிரிக் கம்பளம் கி.மு. 5–4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 230 முடிச்சுகள். 1539–40இல் ஈரானில் நெய்த ஆர்டபில் கம்பளத்தில் சுமார் 340. அது இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாவும் ஊடையும் பட்டு, மேல் இழை கம்பளி என்பதால்தான் அவ்வளவு நுணுக்கம் கைகூடியது. இன்னொரு பக்கம், ஈரானின் ஃபார்ஸ் பகுதிக் கப்பே கம்பளங்கள் முடிச்சில் மிகவும் தளர்வானவை. உயரமான, கைநூற்புக் கம்பளியும் செடிச்சாயமும் சேர்ந்து அவற்றின் அழகை உண்டாக்குகின்றன.

எண்ணிக்கையில் ஒரு ஏமாற்றும் உண்டு. இரண்டு பாவு நூலில் போட வேண்டிய முடிச்சை நான்கில் போடுவது, அதாவது ஜுஃப்தி முடிச்சு. வேலை பாதியாகும், கம்பளியும் மிச்சமாகும், மேல் இழை சீக்கிரம் தேயும். மேல் இழையை விரலால் பிளந்து பாருங்கள். அடிநூல் எளிதாகத் தெரிந்து, பின்பக்கத்தில் முடிச்சுகள் சில இடங்களில் மட்டும் அகலமாக இருந்தால் அங்கே இதுதான் நடந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும் பின்புலப் பகுதிகளில் இதைச் செய்வார்கள். கூலி குறைவாகவும் நாள் நெருக்கடியாகவும் இருக்கும் தறிகளில் இது தலைகாட்டுவது தற்செயல் அல்ல.

கேள்வி: இவ்வளவு சிக்கலான படத்தை நெசவாளர் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்?

பதில்: பெரும்பாலும் வரைகட்டத் தாள்தான். ஒரு கட்டம், ஒரு முடிச்சு. தாளை நெடுக்கப் பட்டைகளாக வெட்டிக் கண்ணெதிரே தொங்கவிடுவார்கள். காஷ்மீரில் படத்துக்குப் பதில் தாலிம் என்ற குறியெழுத்து இருக்கிறது. எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பது வரிசை வரிசையாக எழுதப்பட்டிருக்கும், ஒருவர் ராகமாகப் படிக்க மற்றவர்கள் முடிச்சிடுவார்கள். நாடோடிச் சமூகங்களின் நெசவில் தாளே கிடையாது.

கேள்வி: சிறிய நிலைத்தறியில் 60×90 செ.மீ. மாதிரி ஒன்று நெய்கிறேன். பாதிக்கு வருவதற்குள் அகலம் 57 ஆகக் குறைந்துவிட்டது. ஓரமும் சுருள்கிறது. என்ன தவறு?

பதில்: ஊடையை விறைப்பாக இழுக்கிறீர்கள். ஒவ்வொரு முடிச்சு வரிசைக்குப் பிறகும் இரண்டு ஊடை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊடை ஓரளவு நேராகப் போகலாம். இரண்டாவது தளர்வாக, பாவு நூல்களுக்கிடையே வளைந்து வளைந்து படிய வேண்டும். அதற்கு அதை நேராக இழுக்காமல் கை அகலத்துக்கு ஒரு வில்லாக மேலே தூக்கி வைத்து, வில்லின் நடுவிலிருந்து சீப்பால் அடித்து இறக்குங்கள். 60 செ.மீ. அகலத்தில் ஆறேழு வில் வரும்.

பாவுக் கணக்கையும் சரிபாருங்கள். செ.மீ.க்கு 4 முடிச்சு வேண்டுமென்றால் செ.மீ.க்கு 8 பாவு நூல், ஆக 60 செ.மீ.க்கு 480. ஓரக்கட்டுக்காக இரு பக்கமும் தலா 4 சேர்த்துக்கொள்ளுங்கள். நீளவாக்கிலும் செ.மீ.க்கு 4 வரிசைதான் வர வேண்டும். 10 செ.மீ. நெய்ததும் எண்ணிப் பாருங்கள்: 40க்குப் பதில் 36 இருந்தால் அடி போதவில்லை, வட்டம் முட்டையாகிவிடும். 44 என்றால் நூல் மெலிது அல்லது அடி அதிகம். மேல் இழை நூல் தடித்திருந்தால் அகலம் குறைவதற்குப் பதில் விசிறிபோல விரியும்.

ஓரம் சுருள்வது தனிக் கோளாறு. ஓரப் பாவுகளைச் சுற்றும் நூலை இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். அந்தச் சுற்று கம்பளத்தின் உடலோடு சேர்ந்தே உயர வேண்டும், ஒரு வரிசைகூடப் பின்தங்கக் கூடாது. பாவின் விறைப்பை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எங்காவது கை அமுங்கினால் அந்த நூல்களை இப்போதே இழுத்துச் சரிசெய்யுங்கள். தளர்ந்த பாவில் நெய்தது தறியிலிருந்து இறக்கியதும் அலையலையாக நிற்கும், கழுவினாலும் சட்டத்தில் கட்டி இழுத்தாலும் முழுதாகப் போகாது. இனி 5 செ.மீ.க்கு ஒருமுறை அகலத்தை அளந்து குறித்துவையுங்கள். இரண்டு மில்லிமீட்டர் குறையும்போதே தெரிந்துவிடும். இப்போதைய மாதிரியைத் தொடர வேண்டாம், அகலம் குறையத் தொடங்கிய வரிசை வரை பிரித்துவிடுங்கள்.

கேள்வி: நெசவாளருக்கு நியாயமான கூலி போகிறதா என்று வாங்குபவர் எப்படிக் கணக்கிட முடியும்?

பதில்: ஓரளவு முடியும். 8×10 அடிக் கம்பளம் என்றால் 96×120 அங்குலம், அதாவது 11,520 சதுர அங்குலம். 100 முடிச்சு அடர்த்தியில் மொத்தம் 11 லட்சத்து 52 ஆயிரம் முடிச்சுகள். தேர்ந்த நெசவாளர் நல்ல வெளிச்சத்தில் ஒரு நாளில் 8,000 முடிச்சு போடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 144 ஆள்நாள் ஆகிறது. மூன்று பேர் ஒரே தறியில் உட்கார்ந்தால் 48 வேலை நாள். கம்பளத்தின் விலையை 144ஆல் வகுத்துப் பாருங்கள். கம்பளி, சாயம், கழுவுதல், போக்குவரத்து, கடைக்காரரின் பங்கு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். வரும் எண் நெசவு நடக்கும் நாட்டில் ஒருவரின் நாட்கூலியைவிடவே குறைவாக இருந்தால் அந்த விலையில் யாரோ ஒருவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார்.

கூலி பெரும்பாலும் முடிச்சுக் கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ தரப்படுகிறது. இந்த முறை தன்னளவில் அநியாயமானதல்ல, கணக்கில் விட்டுப்போகிறவைதான் அநியாயம். பாவு கட்டும் நாட்கள், சாயமிட்ட நூல் வராமல் தறி சும்மா நிற்கும் நாட்கள், வரைகட்டத்தில் இருந்த தவறால் பிரித்து மறுபடி நெய்த நாட்கள் ஆகியவற்றுக்குப் பல இடங்களில் கூலியே இல்லை. வரிசைக்கு இருபது நிறம் மாறும் படத்தில் அதே நெசவாளரின் கை 5,000 முடிச்சுக்கு இறங்கிவிடும். அப்போது ஆயிரம் முடிச்சுக்கான கூலி அதற்கேற்ப உயராவிட்டால், படம் அழகாக ஆக ஆக நெய்பவரின் வருமானம் குறைகிறது. கம்பளம் நெய்விக்கும் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி “நியாயமான கூலி தருகிறீர்களா?” என்பதல்ல. அதற்கு எல்லோரும் ஆம் என்பார்கள். “பாவு கட்டும் நாளுக்கும் காத்திருக்கும் நாளுக்கும் எவ்வளவு தருகிறீர்கள்? கடினமான படத்துக்கு எத்தனை சதவீதம் கூட்டுகிறீர்கள்?” என்று கேளுங்கள். உண்மையிலேயே கொடுப்பவர் உடனே எண்ணைச் சொல்வார்.

முன்பணத்தையும் விசாரியுங்கள். கம்பளத் தொழிலில் கொத்தடிமை முறை முன்பணத்தின் வழியாகத்தான் நுழைந்தது. வட்டியும் அபராதமும் கூடிக்கொண்டே போகும், கணக்குப் புத்தகம் முதலாளியிடம் இருக்கும், கடன் தீரவே தீராது. பாகிஸ்தானில் நான்கு வயதில் குடும்பக் கடனுக்காகத் தறியில் அமர்த்தப்பட்டுத் தப்பிவந்து, இந்த முறைக்கு எதிராகப் பேசிய இக்பால் மசீஹ் 1995இல் 12 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டான். இந்தியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைக் கடன்களையே செல்லாதவையாக்கியது.

கேள்வி: நுணுக்கமான முடிச்சுக்குச் சிறுவர்களின் சின்ன விரல்கள்தான் சரிவரும் என்கிறார்களே? லேபிள் இருந்தால் நம்பலாமா?

பதில்: சின்ன விரல் கதை பொய். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990களில் இந்தியக் கம்பளத் தறிகளில் நடத்திய ஆய்வு, மிக நுணுக்கமான முடிச்சுள்ள உயர்ரகக் கம்பளங்கள் பலவற்றைப் பெரியவர்களே நெய்கிறார்கள் என்று காட்டியது. முடிச்சின் நேர்த்தி விரலின் பருமனால் வருவதல்ல. நூலின் இழுவையை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வைப்பதாலும், சீப்பின் அடி சீராக விழுவதாலும் வருவது. அதற்குப் பல ஆண்டுப் பழக்கமும் தோள் வலுவும் வேண்டும். சிறுவர்களைத் தறியில் உட்கார வைப்பதற்கு ஒரே காரணம், அவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கலாம், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதுதான்.

லேபிள்களில் எது எதைச் சோதிக்கிறது என்று தெரிந்து நம்புங்கள். சிறுவர் உழைப்புக்கு எதிரான செயற்பாட்டாளர் கைலாஷ் சத்யார்த்தி, சிறுவர்கள் நெய்யாத கம்பளங்களை அடையாளம் காட்ட 1994இல் தொடங்கிய ரக்மார்க், 2009இல் குட்வீவ் என்று பெயர் மாறியது. தறிகளில் முன்னறிவிப்பில்லாத சோதனை நடத்தி, ஒவ்வொரு கம்பளத்துக்கும் தனி எண் கொண்ட லேபிள் தருகிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1995இல் தொடங்கிய லேபிள் ஸ்டெப் நெசவாளரின் கூலி, பணியிடம் ஆகியவற்றையும் பார்க்கிறது. கேர் அண்ட் ஃபேர் போன்ற அமைப்புகள் வணிகர்களின் பங்களிப்பில் பள்ளியும் மருத்துவமும் தருகின்றன. நல்ல காரியம்தான், ஆனால் குறிப்பிட்ட ஒரு கம்பளத்தின் தறியை யாரோ போய்ப் பார்த்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. கம்பளி நூற்பு, சாயம், கழுவுதல் ஆகியவற்றில் கண்காணிப்பு இன்னும் மெலிது. அந்தக் கேள்விகளை நீங்களேதான் கேட்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் குடும்பத் தறியில் தாயிடம் மகள் கற்றுக்கொள்வதும் தவறா? கலை எப்படி வாழும்?

பதில்: கற்பதும் உற்பத்தி செய்வதும் வேறு. தனியாக ஒரு சிறிய தறியில், விற்பனைக்கு இல்லாத மாதிரியில், பள்ளி நேரம் போக, சிறிது நேரம் பழகுவது கற்பது. ஒப்பந்தத்தில் இருக்கும் கம்பளத்தில், முடிக்க வேண்டிய நாளைக் கணக்கிட்டு முடிச்சிடுவது வேலை, அது சொந்த வீட்டில் நடந்தாலும். 1973ஆம் ஆண்டின் 138ஆவது சர்வதேச உடன்படிக்கை வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்றும், வளரும் நாடுகள் 14 என்று வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. பதினைந்து வயதுக்கு மேல் தொடங்கித் தேர்ந்தவர்கள் ஏராளம். கலை அழிவது பெரியவர்கள் தறியை விட்டுப் போவதால், அவர்கள் போவது கூலி போதாததால்.

கேள்வி: மேடர் வேரில் கம்பளி நூலுக்குச் சிவப்பு ஏற்றினேன். செங்கல்போலப் பழுப்பாக வந்தது. மேலும், இயற்கைச் சாயம் என்றாலே நல்லது என்று சொல்லலாமா?

பதில்: கொதிக்க விட்டிருப்பீர்கள். மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த மேடர் வேரில் சிவப்போடு பழுப்பு நிறமிகளும் இருக்கின்றன. சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பழுப்பு அதிகமாக இறங்கும். ஒரு கிலோ கம்பளி நூலுக்கு இப்படிச் செய்யுங்கள். முதலில் மென்மையான சோப்பில் எண்ணெய்ப் பசை போக அலசுங்கள், இது அரைகுறையானால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். 150 கிராம் படிகாரம், 60 கிராம் கிரீம் ஆஃப் டார்ட்டர் இரண்டையும் வெந்நீரில் கரைத்து, நூல் தாராளமாக நகரும்படி 25–30 லிட்டர் தண்ணீரில் சேருங்கள். ஈரமான நூலைப் போட்டு, ஒரு மணி நேரத்தில் மெதுவாக 85 டிகிரிக்கு ஏற்றி, இன்னொரு மணி நேரம் அங்கேயே வைத்து, அதே நீரில் இரவு முழுக்க ஆறவிடுங்கள். வேர்த்தூள் 500 கிராமிலிருந்து 1 கிலோ வரை, முந்தைய இரவே ஊறவைத்திருக்க வேண்டும். அந்த வேர்நீரில் நூலைப் போட்டு 60 முதல் 70 டிகிரிக்குள் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புப் பாத்திரம் நிறத்தை இருட்டாக்கும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு நன்றாக எழும். மிகவும் மென்மையான நீரென்றால் ஒரு சிட்டிகை சுண்ணக்கட்டித் தூள் உதவும். சூடான நூலைக் குளிர்ந்த நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் பின்னிக்கொண்டு கெட்டியாகிவிடும்.

இயற்கைச் சாயம் என்பதாலேயே நல்லது என்று சொல்ல மாட்டோம். கறுப்பும் அடர்பழுப்பும் வர இரும்பு உப்பைச் சேர்த்த கம்பளி காலப்போக்கில் அரித்துப்போகும். பழைய கம்பளங்களில் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருப்பதைக் காணலாம். பொட்டாசியம் டைகுரோமேட் நிறத்தை நிறுத்தும், ஆனால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வீட்டிலோ பட்டறையிலோ அதைத் தொடவே வேண்டாம். 1856இல் செயற்கைச் சாயம் பிறந்த பிறகு வந்த ஆரம்பகால அனிலின் சாயங்கள் சீக்கிரம் வெளுத்துக் கெட்ட பெயர் வாங்கின. இன்றைய நல்ல செயற்கைச் சாயங்கள் அப்படியல்ல. வெளிச்சத்தைத் தாங்கும் திறனை 1 முதல் 8 வரை அளக்கும் நீலக் கம்பளி அளவுகோலில் 5க்குக் குறையாத சாயம் என்று கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்த நறுமண அமீன்களை வெளியிடும் ஏசோ சாயங்கள் இல்லை என்பதற்கான சோதனைச் சான்றையும் கேளுங்கள், வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். எந்தச் சாயமானாலும் சாயநீர் எங்கே போகிறது என்பதற்குப் பட்டறையிடம் பதில் இருக்க வேண்டும்.

கேள்வி: ‘பேம்பூ சில்க்’ என்று மூங்கில் பட்டுக் கம்பளம் விற்கிறார்கள். பட்டுக்கு மாற்றா?

பதில்: அது பட்டு அல்ல, விஸ்கோஸ். மூங்கில் கூழிலிருந்து வந்தாலும் மரக்கூழிலிருந்து வந்தாலும் பொருள் ஒன்றுதான். ‘வாழைப்பட்டு’, ‘ஆர்ட் சில்க்’ என்ற பெயர்களிலும் பெரும்பாலும் இதையே விற்கிறார்கள். மேல் இழையிலிருந்து ஒரு நூலை எடுத்து எரித்துப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, நொறுங்கும் கரியாகும். விஸ்கோஸ் காகிதம் எரியும் வாடை தரும். குஞ்சத்தில் சோதிக்காதீர்கள், அது பருத்தியாக இருக்கலாம்.

விஸ்கோஸ் ஈரமானால் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். ஒரு குவளைத் தண்ணீர் கொட்டினால்கூட அந்த இடம் மஞ்சளாகி, இழை படிந்து, திரும்ப எழாமல் நின்றுவிடும். அதன் உற்பத்தியில் பயன்படும் கார்பன் டைசல்ஃபைடு தொழிலாளர்களின் நரம்பு மண்டலத்தைப் பாதிப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். ஆகவே அதைச் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த மூங்கில்’ என்று விற்பதை ஏற்க முடியவில்லை. மினுமினுப்பு வேண்டுமென்றால் கோடுகளுக்கு மட்டும் உண்மைப் பட்டு, மீதிக்குக் கம்பளி என்று கேளுங்கள்.

கேள்வி: புதுக் கம்பளத்துக்குப் பழமையான தோற்றமும் பளபளப்பும் எப்படித் தருகிறார்கள்? அதனால் கேடு உண்டா?

பதில்: தறியிலிருந்து இறக்கிய கம்பளத்தைக் கழுவியே ஆக வேண்டும். சோப்பும் நிறைய நீரும் விட்டு, மரத்துடுப்பால் மேல் இழையின் சாய்வுத் திசையில் தள்ளித் தள்ளி அலசுவார்கள். தூசி, ஒட்டாத சாயம், அறுந்த இழை எல்லாம் போகும், இயல்பான மினுக்கம் வரும். பழமைத் தோற்றத்துக்கும் அதிகப் பளபளப்புக்கும் காஸ்டிக் சோடா, குளோரின் வெளுப்பான் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். கம்பளி இழையின் மேலிருக்கும் நுண்செதில்களை அவை கரைக்கின்றன, ஒளி சீராகத் திரும்புவதால் பளபளக்கிறது. செதில் போன இழைக்குப் பாதுகாப்பும் போய்விட்டது. உலர்ந்து, சீக்கிரம் தேய்ந்து உதிரும்.

மேல் இழையைப் பிளந்து, நுனியையும் வேரையும் ஒப்பிடுங்கள். வெயிலில் வெளுத்தால் நிறம் படிப்படியாக மங்கும். நுனி மட்டும் சட்டென்று வெளிறி, பின்பக்க முடிச்சில் நிறம் கூர்மையாக இருந்தால் வெளுப்பான் பட்டிருக்கிறது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தும் பாருங்கள், தூரிகையால் பூசிய நிறம் துணியில் வந்துவிடும். கழுவும் தளத்தில் நாள் முழுக்க அந்தக் கலவையில் கணுக்கால் வரை நிற்பவருக்கு ரப்பர் காலணியும் கையுறையும் கண்ணாடியும் கிடைக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். பழமைத் தோற்றம் வேண்டாம் என்று வாங்குபவர்கள் சொல்லத் தொடங்கினாலே இந்த வேலையில் பாதி குறையும்.

கேள்வி: ஒரே நீலப் பரப்பில் குறுக்காக வெளிறிய பட்டை ஓடுகிறது. குறையா?

பதில்: இதற்கு அப்ராஷ் என்று பெயர். வெவ்வேறு தொட்டியில் சாயமேறிய நூல் மாறும் இடம், அல்லது கைநூற்பில் தடிப்பு மாறும் இடம். குறுக்கே, ஊடையின் திசையில் ஓடினால் அது நெசவின் இயல்பு. வட்டமாகவோ நெடுக்காகவோ இருந்தால் கறை அல்லது வெயில்.

கேள்வி: வீடு தயாராகும் நாளுக்குள் வேண்டுமென்று பத்து வாரத்தில் 8×10 அடிக் கம்பளம் ஒன்றை வாடிக்கையாளர் கேட்கிறார். நெய்விக்கும் நிறுவனமும் ஒத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: எழுதுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். வரைகட்டமும் சாய மாதிரியும் மூன்று வாரம், நூல் சாயமிட்டுப் பாவு கட்ட இரண்டு மூன்று வாரம், 100 முடிச்சில் மூவர் நெய்ய எட்டு வாரம், கழுவி உலர்த்திக் கத்தரித்து முடிக்க மூன்று நான்கு வாரம். ஏறத்தாழ நான்கு மாதத்துக்குக் குறைந்து நேர்மையாக முடியாது. பத்து வாரத்தில் முடிப்பதாக ஒருவர் ஒத்துக்கொண்டால், வேலை கண்காணிப்புக்கு வெளியே இருக்கும் வீட்டுத் தறிகளுக்குப் பிரிந்து போகும், இரவிலும் நெய்வார்கள், ஜுஃப்தி முடிச்சு விழும், முழுதாக உலராத கம்பளத்தைச் சுருட்டி அனுப்புவார்கள். பெட்டியைத் திறக்கும்போது பூஞ்சை வாடை வருவது இப்படித்தான். வாடிக்கையாளரிடம் தேதியை மாற்றச் சொல்லுங்கள். முடியாதென்றால் தயாராக இருக்கும் கம்பளத்தைக் காட்டுங்கள்.

ஒப்பந்தத்தில் முடிச்சு அடர்த்தி, கத்தரித்த பிறகு மேல் இழையின் உயரம் மில்லிமீட்டரில், கம்பளியும் பட்டும் எந்த விகிதத்தில், சாய வகை, கழுவும் முறை, அளவில் 2 முதல் 3 சதவீத வேறுபாட்டுக்கு இசைவு ஆகியவை இருக்கட்டும். கைநெசவில் மில்லிமீட்டர் துல்லியம் கேட்பது நியாயமல்ல. 60×60 செ.மீ. மாதிரி நெய்து, கழுவிய பிறகு ஒப்புதல் கொடுங்கள், ஏனென்றால் கழுவாத மாதிரியின் நிறம் மாறும். தறி ஏறிய பின் நீங்கள் படத்தை மாற்றினால் பிரித்து நெய்யும் நாட்களுக்கான கூலி நெசவாளருக்குப் போகும் என்று ஒரு வரி சேருங்கள். பாதியில் ரத்தானாலும் நெய்த அளவுக்குக் கூலி உண்டு என்பதும் வேண்டும். எந்த ஊரில், எந்தத் தறியில் நெய்யப்படுகிறது, அங்கே போய்ப் பார்க்கலாமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அந்தத் தறியில் இருக்கையையும் பாருங்கள். ஈரானிய நெசவாளர்களிடம் நடந்த ஆய்வில், நெய்யும் வரிசை முழங்கையைவிடச் சுமார் 20 செ.மீ. உயரத்தில் இருப்பதும், முன்பக்கம் சற்றுச் சாய்ந்த உயரமான இருக்கையும் கழுத்து, தோள் வலியைக் குறைப்பதாகத் தெரியவந்தது. நெசவு உயர உயரப் பலகையையும் உயர்த்த முடிய வேண்டும்.

கேள்வி: புதுக் கம்பளி விரிப்பு பஞ்சு பஞ்சாக உதிர்கிறது. எப்போது நிற்கும்?

பதில்: கத்தரிக்கும்போது அறுந்த குட்டை இழைகள் உள்ளே தங்கியிருக்கும். சில மாதங்களில் குறையும். சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு வேக்குவம் செய்யுங்கள், குஞ்சத்தின் மேல் ஓட்டாதீர்கள். ஓராண்டு கடந்தும் கையால் தேய்த்தால் பஞ்சு திரண்டு வருகிறதென்றால் கம்பளியே மட்டம். இறைச்சிக்காக வெட்டிய ஆட்டின் தோலிலிருந்து சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் தடவி உரித்த கம்பளியாக இருக்கலாம். உயிருள்ள ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளியில் இருக்கும் இயல்பான எண்ணெய்ப் பசை அதில் இருக்காது, தொட்டால் வறட்டுத்தனம் தெரியும், மெல்ல இழுத்தாலே அறும். ஒற்றை முடிச்சு மட்டும் நீண்டு நிற்கிறது என்றால் பிடுங்கிவிடாதீர்கள், மற்ற இழைகளின் மட்டத்துக்குக் கத்தரியுங்கள்.

கேள்வி: சுருட்டி வைத்த கம்பளத்தில் பூச்சி அரித்துவிட்டது. நாப்தலின் உருண்டை போட்டும் பயனில்லை.

பதில்: அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. இருட்டும் அசையாத காற்றும் அதற்குப் பிடிக்கும். ஆகவே சோபாவுக்கு அடியிலும் சுருட்டிய கம்பளத்தின் உட்சுற்றிலும்தான் முதலில் தேட வேண்டும். திறந்த அறையில் நாப்தலின் ஆவி போதுமான அளவு சேராது, சேரும் அளவுக்குப் போட்டால் உங்களுக்கே கெடுதி. சிறிய கம்பளமானால் பாலிதீனில் காற்றுப் போகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் அறைவெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் கம்பளத்தில் நீர் படியும். பெரியதானால் இரு பக்கமும் வேக்குவம் செய்து, கழுவத் தெரிந்தவரிடம் முழுதாகக் கழுவக் கொடுங்கள். அழுக்கும் வியர்வையும் உள்ள கம்பளியைத்தான் புழு அதிகம் நாடும். மறுபடி வைக்கும்போது கம்பளம் முழுதாக உலர்ந்திருக்கிறதா என்று பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, மடிக்காமல் உருளையில் சுற்றி, பருத்தித் துணியால் மூடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரித்துப் பாருங்கள்.